பிடிஎஸ் சேர நினைப்பவர்களுக்கு: பிளஸ் ஒன் முதல் சேர்க்கை நாள் வரை

என் மகள் இப்போது பல் மருத்துவம் (பிடிஎஸ்) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் மருத்துவப் பக்கம் போனவர் யாரும் இல்லை. அவளைச் சேர்ப்பதற்குள் பட்ட அலைச்சலில் பாதி, யாராவது முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்தத் தாள்தான் இது. தமிழ்நாட்டு மாணவரை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டணமும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை (பிராஸ்பெக்டஸ்) திறந்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. பிடிஎஸ் வேண்டுமா என்று நீட் முடிவு வரும் முன்பே பேசி முடியுங்கள்

பல வீடுகளில் இந்தப் பேச்சே ஜூனில் மதிப்பெண் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. "எம்பிபிஎஸ் வராது போலிருக்கு, சரி, பிடிஎஸ்ஸாவது போட்டு வைப்போம்." இப்படிச் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் முதலாண்டு முழுக்க நீட் புத்தகத்தையும் பல் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டி, இரண்டிலும் தேறாமல் தவிப்பதை மகளின் விடுதியிலேயே பார்க்கிறேன். எம்பிபிஎஸ்தான் வேண்டும், இன்னொரு வருஷம் எழுதிப் பார்க்கிறேன் என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால் அது வேறு பாதை. அதற்கு இடையில் பிடிஎஸ் சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது செலவான வேலை. எப்படி என்று 6-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

படிப்பு மொத்தம் ஐந்து ஆண்டு. நான்கு ஆண்டு பாடம், ஓராண்டு கட்டாயப் பயிற்சி. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. அதோடு மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்கும் வேலையும் உண்டு. இரண்டாம் ஆண்டில் பொம்மைத் தலையில் பல் குடைந்து அடைப்பார்கள், பல்செட் செய்வார்கள். அப்புறம் நோயாளிகள். அதாவது இது மூளைக்கு இருக்கும் அளவு வேலை கைக்கும் இருக்கும் படிப்பு. பிள்ளைக்கு நுணுக்கமான கைவேலை பிடிக்குமா, ஒரே இடத்தில் கழுத்தைச் சாய்த்து நெடுநேரம் பொறுமையாக இருக்க முடியுமா என்று பாருங்கள். தெரிந்த பல் மருத்துவர் யாரிடமாவது அனுமதி கேட்டு, அரை நாள் கிளினிக்கில் உட்கார வையுங்கள். எந்தக் கல்வி ஆலோசகரும் சொல்லாததை அந்த அரை நாள் சொல்லிவிடும்.

வருமானத்தையும் மறைக்காமல் பேசுங்கள். பிடிஎஸ் முடித்ததும் வேறொருவர் கிளினிக்கில் உதவி மருத்துவராகச் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் பெற்றோர் கற்பனை செய்வதைவிடக் குறைவாகவே இருக்கும். சொந்த கிளினிக்குக்கு முதல் வேண்டும். அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உதவிப் பல் மருத்துவர் இடங்களுக்கு அறிவிப்பு விடும்போதுதான். ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவும் ஆள் எடுக்கிறது. மேல்படிப்பான எம்டிஎஸ் இன்னும் மூன்று ஆண்டு, ஒன்பது பிரிவுகள், அதற்குத் தனி நீட். ஆகவே மனதுக்குள் எட்டு ஆண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2023-இல் வந்த தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தில், படிப்பின் முடிவில் தேசிய அளவில் ஒரு வெளியேறும் தேர்வுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். இப்போது சேரும் பிள்ளைகள் அந்தச் செய்தியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஒன்று: நம் ஊர் பிடிஎஸ்ஸை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் நேராகப் பல் பிடுங்க முடியாது. அங்கே ஐஎன்பிடிஇ தேர்வு எழுதி, பெரும்பாலும் அங்குள்ள கல்லூரியில் மறுபடி இரண்டு மூன்று ஆண்டு படிக்க வேண்டும். பிரிட்டனுக்கு ஓஆர்இ, ஆஸ்திரேலியாவுக்கு ஏடிசி தேர்வு. இவையெல்லாம் பிடிஎஸ்ஸுக்குப் பிறகு வரும் பெரிய செலவுகள்.

2. பிளஸ் ஒன் குரூப்

இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும். பியூர் சயின்ஸ் அல்லது பயாலஜி-மேத்ஸ் குரூப் எடுத்தால் கவலை இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நீட் இருக்கிறதே என்று பிளஸ் டூவை அடியோடு விட்டுவிட்டு இதில் மாட்டுபவர்கள் உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

3. நீட் விண்ணப்பம்: பெயர், படம், பிரிவு

தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிற்றுக்கிழமை. விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச் வாக்கில். 2025-இல் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000. மூன்று மணி நேரம், 180 கேள்வி, 720 மதிப்பெண். பாதி உயிரியல். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். இருவர் மதிப்பெண் சமமானால் முதலில் உயிரியலைத்தான் பார்ப்பார்கள்.

தமிழில் எழுதலாம். வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும். தமிழ் வினாத்தாள் எல்லா மாநில மையங்களிலும் கிடைக்காது. ஆகவே வெளிமாநிலத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் மையத்தைத் தேர்வு செய்யும்போதே இதை யோசிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் பெரிய தலைவலி நம் ஊர் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா எஸ்", ஆதாரில் "கவிதா செல்வம்", சாதிச் சான்றிதழில் "எஸ். கவிதா" என்று மூன்று ஆளாக இருப்பாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, மற்றவற்றை அதற்கேற்பப் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே திருத்தி முடித்துவிடுங்கள். ஆதார் திருத்தத்துக்குப் பிப்ரவரியில் போய் நின்றால் காரியம் நடக்காது.

பாஸ்போர்ட் அளவு, அஞ்சலட்டை அளவு படங்களை ஒரே நாளில் எடுத்து, பிரதி நிறைய போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ஏற்றிய அதே படத்தைத்தான் சேர்க்கை நாள் வரை கேட்பார்கள். மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் பெற்றோருடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு விண்ணப்பித்துக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. பிறகு ஓடிபி அவரிடம் போகும், நீங்கள் அவர் கடை திறக்கக் காத்திருப்பீர்கள்.

பிரிவைத் தேர்வு செய்யும் இடம் தனியாகச் சொல்ல வேண்டியது. அங்கே கேட்பது மத்திய அரசின் ஓபிசி. மாநிலத்தின் பிசி, எம்பிசி அல்ல. பெரும்பாலான சாதிகள் இரண்டு பட்டியலிலும் இருக்கும், ஆனால் எல்லாம் இல்லை. மத்தியப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, கிரீமி லேயருக்குள், அதாவது வருமான வரம்பைத் தாண்டியவர்கள் பட்டியலில் வருகிறீர்களா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள். திருத்தம் செய்யும் நாட்கள் முடிந்துவிட்டால் அகில இந்திய ஒதுக்கீட்டில் அதை மாற்ற முடியாது.

4. சான்றிதழ்கள்: ஏப்ரலிலேயே ஆரம்பியுங்கள்

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஊரே நினைப்பதால், ஜூனில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும். விஏஓ சரி என்று அனுப்பிய மனு வருவாய் ஆய்வாளரான ஆர்ஐயிடம் நிற்கும். ஆர்ஐ வேறு பணியில் இருப்பார். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய்தான் கட்டணம். அதற்கு மேல் யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள்.

மாநிலக் கவுன்சலிங்குக்கு வேண்டியவை: நீட் ஹால் டிக்கெட், மதிப்பெண் அட்டை, பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், டிசி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்ற போனஃபைட், சாதிச் சான்றிதழ், ஆதார், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். சாதிச் சான்றிதழ் இன்னும் பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் மின்சான்றிதழாக வாங்கிவிடுங்கள். எஸ்டி சான்றிதழ் தாசில்தாரிடம் அல்ல, கோட்டாட்சியரிடம் போகும். நேரம் அதிகம் பிடிக்கும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடத் தொல்லை இல்லை. நடுவில் ஓராண்டு பெங்களூரிலோ திருப்பதியிலோ படித்திருந்தால்கூட இருப்பிடச் சான்றிதழ், பெற்றோர் தமிழ்நாட்டில் படித்ததற்கான சான்று, ரேஷன் அட்டை என்று பட்டியல் நீளும். பெற்றோரின் பழைய பள்ளியில் சான்று வாங்குவதற்கு அந்தக் காலப் பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும். இதை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

மத்திய ஓபிசி சான்றிதழ் தனி. மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். மார்ச்சில் சுறுசுறுப்பாக வாங்கி வைத்தால் வீண், ஏப்ரல் 1-க்குப் பிறகு விண்ணப்பியுங்கள். வருமான வரம்பு 8 லட்சம். இதில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. எங்கள் மனுவை ஓர் அலுவலகம் சம்பளத்தையும் கூட்டித் திருப்பி அனுப்பியது. விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் நகர்ந்தது. அதே அச்சுப்பிரதி பிறகு வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் உதவியது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பிடிஎஸ்ஸுக்கும் உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டு வரை கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதி. இதில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. சான்றைத் தகவல் தொகுப்பேட்டில் உள்ள படிவத்திலேயே வாங்க வேண்டும். தலைமையாசிரியர் வெள்ளைத்தாளில் எழுதித் தந்தால் எடுபடாது.

5. இரண்டு கவுன்சலிங், இரண்டு கதவு

ஒன்று மாநிலத்துடையது. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது, விண்ணப்பம் இணையவழி. அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடம், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு எல்லாம் இதில் வரும். தனியார் கல்லூரிகள் 65 சதவீதமும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதமும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு விண்ணப்பம், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இன்னொன்று. ஒன்றைப் போட்டால் மற்றதும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

மற்றது எம்சிசி எனப்படும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு. நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடம், டெல்லி மௌலானா ஆசாத், ஜாமியா மில்லியா, பனாரஸ், அலிகர் போன்றவை, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதில். சென்னையைச் சுற்றி இருக்கும் பெரிய பல் மருத்துவக் கல்லூரிகளில் பல நிகர்நிலைதான். மாநில விருப்பப் பட்டியலில் அவற்றைத் தேடிக் காணாமல் குழம்புபவர்கள் நிறைய.

எம்சிசியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத் திரும்பாத கட்டணம் 1,000 ரூபாய், வைப்புத்தொகை 10,000. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 500, 5,000. நிகர்நிலைக்கும் சேர்த்துப் போட்டால் திரும்பாதது 5,000, வைப்புத்தொகை 2 லட்சம். இந்த 2 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே திரும்பும், வர மாதங்கள் ஆகலாம். அவசரத்துக்கு மச்சான் அட்டையில் கட்டினால் பணம் மச்சானுக்குத்தான் வரும். வட்டிக்கு வாங்கிக் கட்டுவதை முடிந்தவரை தவிருங்கள்.

சுற்று விதிகள் முக்கியம். எம்சிசி முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் நஷ்டம் இல்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் வைப்புத்தொகை போகும். மூன்றாம் சுற்றில் சேர்ந்த பிறகு வெளியே வர முடியாது, மாநிலக் கவுன்சலிங்குக்கும் திரும்ப முடியாது. சேரும்போது "அப்கிரேடு வேண்டுமா" என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லி மேலான இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் அப்போதே போய்விடும். எனவே பட்டியலில் மேலே இருப்பவை எல்லாம் நிஜமாகவே இப்போதைய இடத்தைவிட நல்லவையா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

6. செலவு

தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று: சென்னை, கடலூர் மாவட்டம் சிதம்பரம், 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டை. இங்கே கல்விக் கட்டணம் ஆயிரங்களில்தான். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கு அண்மை ஆண்டுகளில் வருஷத்துக்குச் சுமார் 2.5 லட்சம், நிர்வாக ஒதுக்கீட்டுக்குச் சுமார் 6 லட்சம் என்று கட்டணக் குழு வைத்திருந்தது. நிகர்நிலையில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். எம்சிசி தளத்தில் ஒவ்வொன்றின் கட்டணமும் இருக்கிறது, அங்கேயே பாருங்கள்.

அறிவித்த கட்டணம் மொத்தச் செலவு அல்ல. விடுதி, சாப்பாடு, பேருந்து, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. பல் மருத்துவத்துக்கே உரிய செலவு கருவிகள். மெழுகு செதுக்கும் கருவிகள், பயிற்சிக்கான பல் தாடை மாதிரியான டைப்போடான்ட், பல் குடையும் மைக்ரோமோட்டார், ஏரோட்டர் ஹேண்ட்பீஸ் என்று முதல் இரண்டு ஆண்டுகளில் சில பத்தாயிரங்கள் ஆகும். பிளாஸ்டர் மாவு, அக்ரிலிக் போன்ற தீர்ந்துபோகும் பொருட்களை எந்தக் கல்லூரி தருகிறது, எது மாணவரையே வாங்கச் சொல்கிறது என்று சீனியர்களிடம் கேளுங்கள். டைப்போடான்டையும் புத்தகங்களையும் அவர்களிடமே பாதி விலைக்கு வாங்கலாம். ஹேண்ட்பீஸ் மட்டும் பழையது வேண்டாம்.

கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை ஜாமீனோ சொத்தோ கேட்கக் கூடாது, 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். இடம் ஒதுக்கிய ஆணை இல்லாமல் வங்கி கடன் தராது. அந்த ஆணை வந்த பிறகு சேர உங்களுக்குச் சில நாட்களே கிடைக்கும். முதல் ஆண்டுப் பணத்தைக் கடனை நம்பாமல் கையில் வைத்திருப்பதே நல்லது. எஸ்சி, எஸ்டி மாணவர்கள் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சேர்ந்த மாதமே கேளுங்கள்.

இடையில் விட்டுப் போனால் ஆகும் செலவு: சேரும்போது எழுதித் தரும் உறுதிமொழியில் படிப்பை நிறுத்தினால் கட்ட வேண்டிய தொகை இருக்கும். படித்துக்கொண்டே மறுபடி கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கலாமா என்பதும் தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். முதலில் சொன்ன அந்தப் "பிடிச்சு வச்சுக்குவோம்" வீட்டார் கையெழுத்துக்கு முன் இந்த இரண்டு பகுதிகளையும் வாசித்துவிட வேண்டும்.

"மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தர்றேன்" என்று வரும் தொலைபேசியைத் துண்டித்துவிடுங்கள். நிர்வாக ஒதுக்கீடும் கவுன்சலிங் வழியாகத்தான். நீட் தகுதியும் கவுன்சலிங் ஒதுக்கீடும் இல்லாத சேர்க்கை செல்லாது. தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவது 1992 சட்டப்படி குற்றம்.

7. கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள்

வேலை நாளில், காலை பத்து மணிக்குப் புறநோயாளிப் பிரிவுக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். நோயாளிகள் வருகிறார்களா? பல் மருத்துவ மாணவர் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் செய்ய வேண்டும் என்று கணக்கு உண்டு. அதை "கோட்டா" என்பார்கள். ஆளே வராத கல்லூரியில் மாணவர்கள் கோட்டாவை முடிக்க அக்கம்பக்கத்து ஊர்களில் நோயாளி தேடி அலைகிறார்கள், சிலர் பேருந்துக் காசும் கொடுத்து அழைத்து வருகிறார்கள். பிடிஎஸ்ஸை நல்ல கல்லூரியில் படித்தோமா என்பது கைக்குக் கிடைத்த நோயாளிகளின் எண்ணிக்கையில்தான் தெரியும். தரவரிசையை அதற்குப் பிறகு பாருங்கள்.

பயிற்சி மருத்துவர்கள் டீக்கடையில் கிடைப்பார்கள். பயிற்சியில் உதவித்தொகை கையில் வருகிறதா, எத்தனை நாற்காலி வேலை செய்கிறது, மூன்றாம் ஆண்டு பொது மருத்துவம், பொது அறுவைப் பாடங்களுக்கு எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை இடக்கை என்றால் அதையும் கேளுங்கள். நாற்காலிகளின் அமைப்பு பெரும்பாலும் வலக்கைக்காரருக்கானது. முடியாது என்றில்லை, பழக வேண்டும்.

அங்கீகாரத்தைப் பல் மருத்துவப் படிப்பை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பின் தளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரி வாசல் பலகை போதாது.

8. விருப்பப் பட்டியல்

கல்லூரிகளை நிஜமான விருப்ப வரிசையில் போடுங்கள். "நமக்கு இதெல்லாம் கிடைக்காது" என்று மேலிடங்களை விட்டுவிடாதீர்கள். மேலே போடுவதால் கீழே இருப்பது பறிபோகாது. சேர விருப்பமே இல்லாத கல்லூரியைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்க்கவும் வேண்டாம். முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் உங்கள் பிரிவுக்குக் கடைசியாகப் போன ரேங்கைப் பாருங்கள். மதிப்பெண்ணை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், வினாத்தாள் கடினத்தைப் பொறுத்து அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். பட்டியலை இறுதியாக லாக் செய்த பக்கத்தைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். கடைசி மணி நேரத்தில் தளம் திணறும் என்பதால் முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

9. சேரும் நாள்

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு முன் ஒவ்வொன்றையும் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட பிரதிகள் ஐந்தாறு எடுத்து வையுங்கள். உதவித்தொகை, வங்கிக் கடன் என்று மாதாமாதம் யாராவது கேட்பார்கள். கொடுத்த அசல்களின் பட்டியலில் கல்லூரி முத்திரையோடு ஒரு ரசீது வாங்குங்கள். கட்டணத்தை வரைவோலையாகவோ இணையவழியாகவோ மட்டும் கட்டுங்கள். டிசி கல்லூரியிலேயே தங்கிவிடும் என்பதால் அதன் பிரதி இரண்டு கூடுதலாக இருக்கட்டும். மருத்துவத் தகுதிச் சான்று, தடுப்பூசி விவரம் கேட்கிறார்களா என்று முந்தைய நாளே தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். நோயாளியைத் தொடும் முன் அது முடிந்திருக்க வேண்டும் என்பதால் முதல் ஊசியைச் சேரும் வாரமே போட்டுவிடுங்கள்.